ஆறு நாள் கிடை

முக்தாதின் தொண்ணூறு ஆடுகளையும் ஜூலை மாதம் ஊரே பார்க்கத் திருப்பி அனுப்பியவள் தலந்தா. அக்டோபர் கடைசியில் அதே ஆடுகளை அழைத்து வர அவளே அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், சிலியானா மலைப்பக்கத்து ஆட்களைத் தெரியாதவர் என்று அர்த்தம். அங்கே ஆறு மாதத்துக்கு இந்த ஒரு கதை போதும், டீக்கடைக்கு வேறு எதுவும் தேவையில்லை.

முக்தாத் வேறு யாருமில்லை, தலந்தாவின் கணவன் நூரியின் சொந்த அண்ணன். நூரி பிஸெர்த்தா துறைமுகத்தில் பளுதூக்கி எந்திரம் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்து, எட்டு ஹெக்டேர் நிலத்தில் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்வான். அவன் சொல்வதும் இவள் ‘சரி, சரி’ என்பதும் பதினாறு வருடமாக நடக்கிற கதைதான். போன வருடம் அவன் சொன்னபடியே செப்டம்பரில் ஆழ உழுது விதைத்தாள். நவம்பரில் ஒரு மழை கொட்டியது. மேட்டு நிலத்து மண்ணும் விதையும் சேர்ந்து ஓடை வழியாகக் கீழூருக்குக் குடிபோய்விட்டன. பயிர் முளைத்தது உண்மைதான், ஆனால் முளைத்தது அடுத்தவன் நிலத்தில்.

அதற்கப்புறம் நூரி போனில் சொன்னது தலந்தாவுக்கு இன்னும் காதில் கேட்கிறது.

“இன்னும் ஒரே வருஷம். அடுத்த மழைக்காலத்துல ஒழுங்கா விதை விழலேன்னா, விளைச்சல்ல பாதின்னு பேசி, நிலத்தை அண்ணன்கிட்ட வாரத்துக்குக் கொடுத்துடறேன். அவன்கிட்டயும் பேசிட்டேன்.”

அவன்கிட்டயும் பேசிட்டேன் என்ற வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது. நிலம் நூரியின் பெயரில் இருக்கலாம். கல் பொறுக்கியவள், களை பறித்தவள், காட்டுப்பன்றியைத் தகரம் தட்டி விரட்டியவள் தலந்தா. அந்த நிலம் கைவிட்டுப் போனால் அப்புறம் அவளுக்கு என்ன வேலை? அடுப்பும் வெள்ளிக்கிழமை போனும்தான்.

அந்தச் சமயத்தில்தான் விவசாயிகள் சங்கத்தின் புது விதைப்பு எந்திரத்தை ஓட்டுகிற திஜானி வந்து சேர்ந்தான். நெட்டையான ஆள், எப்போதும் அவசரம், பேசும்போதும் ஒரு கால் டிராக்டர் படியில்தான் இருக்கும்.

“உழவே வேணாம்க்கா. அறுத்த அரிதாள் அப்படியே நிக்கட்டும், கொஞ்சம் வைக்கோலும் மண்ணை மூடிக் கிடக்கட்டும். என் மெஷின் அதைக் கீறிக்கிட்டு நேரா விதையைப் போட்டுடும். மழை வந்தா மண்ணு நகராது. ஒண்ணே ஒண்ணு, தரையை மொட்டையா மட்டும் விட்டுடாதீங்க.”

அவன் சொன்னது கொஞ்சம் வைக்கோல். தலந்தா எதையும் கொஞ்சமாகச் செய்து பழகாதவள். ஜூனில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுக்காரர்கள் வந்தார்கள், ஒரு கட்டு கூட எடுக்க விடவில்லை. அறுவடை எந்திரமோ அவள் வயசு இருக்கும் பழைய வண்டி. வைக்கோலை நறுக்கித் தூவுகிற வசதியெல்லாம் அதற்குக் கிடையாது. பின்னால் கொட்டிக்கொண்டே போய், நிலம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வரிசை வரிசையாகக் குவித்துவிட்டது. தலந்தா அதைப் பார்த்து ஆனந்தப்பட்டாள். இவ்வளவு மூடாக்கு இருந்தால் எந்த மழை என்ன செய்யும்!

மீதி இருந்தது ஆடுகள்தான். அந்தப் பக்கத்தில் அறுவடை முடிந்த நிலம் யாருடையதாக இருந்தாலும் ஆடு இறங்கலாம், யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வேண்டாம் என்றால் எல்லையில் கல்லைக் குவித்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வெள்ளைக் கல்லைத் தாண்டி எந்த மேய்ப்பனும் போக மாட்டான். ஆனால் அது பச்சைப் பயிருக்கு வைக்கிற கல். வெறும் அரிதாளுக்குக் கல் வைத்த மனுஷி அந்த மலையிலேயே தலந்தா ஒருத்திதான். இருபத்திரண்டு குவியல் வைத்தாள், அத்தனைக்கும் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தாள்.

ஜூலையில் முக்தாத் வழக்கம்போல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைக் கற்களைப் பார்த்தான். அப்படியே ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை. அவன் அந்தக் கோடை முழுக்க ஆடுகளைத் தூரத்து நிலங்களுக்கு ஓட்டிக்கொண்டு போய் அலைந்தான். சந்தையில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாம், “என்ன முக்தாத், தம்பி பொண்டாட்டி உனக்கும் ஆட்டுக்கும் சேர்த்துக் கல்லு வச்சுட்டாளாமே?” என்று விசாரித்தார்கள்.

பக்கத்து நிலத்து மஹ்பூபா நேரிலேயே கேட்டாள். மஹ்பூபாவுக்கு எதையும் முதுகுக்குப் பின்னால் பேசத் தெரியாது, அது ஒன்றுதான் அவளிடம் நல்ல குணம்.

“ஏன்டி, அந்த வைக்கோலை யாருக்கு வச்சிருக்க? சீதனமா கொடுக்கப் போறியா?”

“மண்ணுக்கு வச்சிருக்கேன்.”

“மண்ணு வைக்கோல் தின்னுமாடி? நானும் அம்பது வருஷமா பாக்கறேன், ஆடுதான் தின்னு பாத்திருக்கேன்.”

தலந்தா சிரித்துச் சமாளித்தாள். நவம்பரில் பார்க்கலாம், யார் சிரிக்கிறார்கள் என்று. நவம்பர் வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை.

*

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் முதல் மழை பெய்தது. நாலு நாள் கழித்து திஜானி எந்திரத்தோடு வந்தான். உழாமல் விதைப்பது என்ன வித்தை என்று பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் பாதைப் பக்கத்து வேலியோரம் கூடிவிட்டார்கள். காலைப் பனி காயட்டும் என்று திஜானி பதினோரு மணி வரை டீ குடித்தான். பிறகு மண்ணைக் கீறுகிற இரும்புத் தட்டுகளை இறக்கி டிராக்டரைக் கிளப்பினான்.

இருபதடி போயிருக்கும். எந்திரம் வைக்கோலைக் கீறவில்லை, வாரிக்கொண்டு போனது. தட்டுகளுக்கு முன்னால் வைக்கோல் சேர்ந்தது, உருண்டது, மலையாக எழுந்தது. டிராக்டர் ஒருதரம் உறுமிவிட்டு நின்றது. திஜானி கீழே குதித்தான். ஒரு இரும்புக் கம்பியை வைத்து அரைமணி நேரம் குத்திக் குத்தி எடுத்தான். எந்திரம் போன தடத்தில் கையை விட்டுப் பார்த்தான். விதை மண்ணுக்குள் போகவே இல்லை, ஈர வைக்கோல் மேலே முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது.

“என்னக்கா இது, மெத்தை போட்டு வச்சிருக்கீங்க?”

“நீதானே வைக்கோல் கிடக்கட்டும்னு சொன்ன?”

“கிடக்கட்டும்னேன். இப்படிக் குவியலா கிடக்கட்டும்னா சொன்னேன்? பரவிக் கிடக்கணும்க்கா! இங்க பாருங்க, வரிசையில முழங்கால் ஆழம், வரிசைக்கு நடுவுல மொட்டைத் தரை. இதுல குருவிதான் விதைக்கும்.”

வேலியோரம் சிரிப்பு கிளம்பியது. மஹ்பூபாவின் கணவன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஆட்டிக் காட்டினான்.

“ஒரு குச்சி போதும் தலந்தா. சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஆயிடும்.”

“கொளுத்தினா நான் வரவே மாட்டேன், சொல்லிட்டேன்,” என்றான் திஜானி. “கொளுத்திட்டு எதுக்கு இந்த மெஷின்? மாட்டைக் கட்டி உழுதுக்கங்க.” அவன் ஏற்கனவே டிராக்டர் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். “இன்னும் எட்டுப் பண்ணை பாக்கி இருக்குக்கா. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை இந்த வழியாத் திரும்புவேன். அதுக்குள்ள பரவியிருந்தா விதைச்சுக் கொடுக்கறேன். இல்லேன்னா மெஷின் அடுத்த வட்டாரத்துக்குப் போயிடும், இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.”

தலந்தா அன்று மத்தியானமே கவைக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நனைந்து அமுங்கிய வைக்கோல் பாய்போல ஒட்டிக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு வரிசையில் பாதியைக் கலைத்தாள். மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

திஜானி புறப்படும்போது போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தான். “மனுஷனால ஆகாதுக்கா. இதுக்கு ஆடுதான் சரி. நூறு ஆடு ஒரு வாரம் மிதிச்சு மேஞ்சா, கடையில வாங்கின மாதிரி பரவிடும்.” அப்போது வேலியோரம் நின்ற எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்தில் இருந்தது முக்தாதின் வீடு.

*

மறுநாள் காலை தலந்தா போனாள். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பட்டி வாசலில் முக்தாத் ஒரு கிடாவை மல்லாத்திப் போட்டுக் குளம்பு சீவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், குளம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வா தலந்தா.”

“நல்லா இருக்கீங்களா மச்சான்?”

“இருக்கேன்.”

“ஆடெல்லாம்?”

“அதுங்களும் இருக்கு. கோடை முழுக்க நடந்து நடந்து நல்லா இளைச்சு, அழகா இருக்கு.”

தலந்தா அதை விழுங்கிக்கொண்டாள். விழுங்க வேண்டியதுதானே. சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், வந்த விஷயத்தைச் சட்டென்று போட்டு உடைத்தாள்.

“உங்க ஆட்டை என் நிலத்துல ராப்பகலா விட்டுக் கிடை போடணும் மச்சான். ஆறு நாள்.”

முக்தாத் இன்னொரு குளம்பை எடுத்தான். மெதுவாகச் சீவினான். அவசரமில்லாமல் பழி வாங்குவதற்குக் குளம்பு சீவுவதைவிடத் தோதான வேலை கிடையாது.

“உன் நிலமா? அங்க கல்லு இருக்கே.”

“நானே எடுத்துடறேன்.”

“இருபத்திரண்டு.”

“எண்ணி வச்சிருக்கீங்களா?”

“ஊரே எண்ணி எங்கிட்ட சொல்லிச்சு.”

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முக்தாத் கடைசிக் குளம்பையும் முடித்து, கிடாவை எழுப்பி விட்டு, அதன் பின்புறம் ஒரு தட்டு தட்டினான்.

“ஆறு நாளா?”

“ஆறே நாள். அதுக்கு மேல தின்னா தரை மொட்டையாயிடும். வைக்கோல் பரவணும், ஆனா தீரக் கூடாது.”

“தின்னணும், ஆனா தின்னக் கூடாது. ஆட்டுக்கிட்ட நீயே வந்து சொல்லு,” என்றான் முக்தாத். அப்புறம் சிரிக்காமலே, “சரி. நாளைக்குக் காலையில வரேன்,” என்றான்.

அன்று பகல் முழுக்கத் தலந்தா கல் சுமந்தாள். வைத்த கை எடுத்தால்தான் கல் எடுத்ததாகக் கணக்கு, வேறு யாரும் தொடக் கூடாது. மஹ்பூபா வேலி மேல் சாய்ந்துகொண்டு, வாயால் மட்டும் முழு ஒத்தாசை செய்தாள்.

உண்மையைச் சொன்னால் தலந்தாவுக்கு வலித்தது முதுகு அல்ல. விதை விழாவிட்டால் நிலம் யார் கைக்குப் போகுமோ, அந்த ஆளின் ஆட்டைத்தான் அவள் நிலத்துக்குள் இறக்குகிறாள். முக்தாத் ஒன்றுமே செய்ய வேண்டாம், ரெண்டு நாள் கூடுதலாகத் தூங்கினால் போதும், நிலம் அவன் மடியில் வந்து விழும். இதை யாரிடம் சொல்ல முடியும்?

*

ஆடுகள் வந்தன. முதல் நாள் முடிவதற்குள் தலந்தா வாயைப் பிளந்தாள்.

ஆடு வைக்கோலை ஆசையாகத் தின்னவில்லை. உதிர்ந்த கதிருக்காகவும், மழைக்குப் பின் வைக்கோலுக்கு அடியில் முளைத்திருந்த பச்சைக்காகவும் மூக்கை விட்டுக் குடைந்தது, கிளறியது, இழுத்துப் போட்டது. முக்தாத் சும்மா மேய விடவும் இல்லை. தண்ணீர்த் தொட்டியை நிலத்தின் ஒரு ஓரத்திலும் உப்புக் கட்டியை எதிர் ஓரத்திலும் வைத்தான். ஆடுகள் நாளெல்லாம் வரிசைகளைக் குறுக்கே மிதித்துக்கொண்டு அங்கும் இங்கும் போய்வந்தன. தொண்ணூறு ஆட்டுக்கு முந்நூற்று அறுபது கால். மூன்றாம் நாள் வரிசை எது, நடு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. ஆள் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் வேலை தெரிந்தவன் என்று தலந்தா மனசில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

கிடைக்கு அழைத்தவர் வீட்டிலிருந்துதான் மேய்ப்பனுக்குச் சாப்பாடு போக வேண்டும். அதில் தலந்தா குறை வைக்கவில்லை. ஒரு நாள் பூசணியும் கொண்டைக்கடலையும் போட்ட கோதுமை ரவைக் கூஸ்கூஸ், ஒரு நாள் ஹரிஸா என்கிற மிளகாய் விழுதும் ஆலிவ் எண்ணெயும் தொட்டுக்கொள்ளச் சுடச்சுட மண்ணடுப்புத் தபூனா ரொட்டி, ஒரு நாள் முட்டை உடைத்து ஊற்றிய மிளகாய்க் குழம்பு. முக்தாத் சட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். “கையில ருசி இருக்கு,” என்பான். அதற்கு மேல் பேச்சில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் தலந்தா வாசலிலேயே நின்று பார்த்தாள். ஆடுகள் கிளம்பவில்லை. முக்தாத் கரோப் மரத்தடியில் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தான். சரி, காலையில் போவான்.

ஏழாம் நாள் காலையிலும் போகவில்லை. தலந்தா சாப்பாட்டோடு மேட்டுக்குக் கீழே கரோப் மரத்தடி வரைக்கும் போனாள், பேச்சைச் சுற்றி வளைத்துப் பார்த்தாள்.

“ஆடெல்லாம் நல்லா தேறிடுச்சு மச்சான். வீட்டு ஞாபகம் வந்திருக்குமே.”

“ஆட்டுக்கு என்ன ஞாபகம்? அது பாட்டுக்கு இருக்கும்.”

“வெள்ளிக்கிழமை திஜானி வரான்.”

“வரட்டும். நல்ல பையன்.”

போங்கள் என்று வாய் திறந்து சொல்ல முடியாது. தானே அழைத்து, தன் ரொட்டியைத் தின்ன வைத்த மேய்ப்பனைப் பார்த்துப் போ என்று சொல்கிற வீட்டில் அப்புறம் யாரும் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். தலந்தா யோசித்தாள். மத்தியானம் கூஸ்கூஸில் உப்பே போடாமல் அனுப்பினாள். ராத்திரிக்குக் குழம்பில் உப்பும் இல்லை, ஹரிஸாவும் இல்லை. ரோஷமுள்ளவன் என்றால் எழுந்து போய்விடுவான்.

சட்டி துடைத்தபடியே திரும்பி வந்தது. “டாக்டரே உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு. நல்ல வேளை, உனக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றான் முக்தாத்.

எட்டாம் நாள் விடிந்ததும் மேட்டு நிலத்தில் ஆடுகள் மொத்தமாக நிற்பது வீட்டிலிருந்தே தெரிந்தது. தலைகளெல்லாம் குனிந்திருந்தன, மென்றுகொண்டிருந்தன. போன வருடம் மண் அறுத்துக்கொண்டு போன அதே மேடு. மறுநாள் திஜானி வருகிறான். மொட்டைத் தரையைப் பார்த்தால் எந்திரத்தை இறக்கவே மாட்டான். தலந்தாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மரியாதையாவது மண்ணாவது! அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, வெறுங்கையோடு விறுவிறுவென்று மேடேறினாள்.

“மச்சான், நாலு பேர் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். உங்க ஆடு என் நிலத்தை விட்டுப் போகணும். இப்பவே போகணும்.”

முக்தாத் துள்ளி எழுந்தான். “அல்ஹம்துலில்லாஹ்!” என்றான். கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்தான், நாயைச் சீட்டியடித்துக் கூப்பிட்டான். ஐம்பத்தைந்து வயசு ஆளிடம் அவ்வளவு சுறுசுறுப்பைத் தலந்தா எதிர்பார்க்கவில்லை.

“ரெண்டு நாளா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உட்கார்ந்திருக்கேன். இப்பவாவது சொன்னியே!”

“என்னது?”

“நீயா வந்து கூப்பிட்ட. அதுவும் கல்லையெல்லாம் எடுத்துட்டுக் கூப்பிட்ட. நான் பாட்டுக்கு எழுந்து போனா என்ன ஆகும்? முக்தாதுக்குக் கோவம் தீரலை, கடனேன்னு மேய்ச்சுட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்னு ஆயிடாது? வீட்டுக்காரி விடை கொடுக்காம எழுந்து போற மேய்ப்பனை நீ எங்கயாவது பாத்திருக்கியா?”

“மேய்ப்பனைப் போகச் சொல்ற வீட்டுக்காரியை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

முக்தாத் நின்று யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

“இல்ல.”

“அப்ப வழக்கமா கிடை எப்படித்தான் முடியும்?”

“வழக்கமா வைக்கோல் தீர்ந்து போயிடும் தலந்தா. ஆடே கிளம்பிடும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டி வந்ததே இல்ல.” அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “தின்ன மிச்சம் இருக்கறப்பவே ஆட்டை வெளியே எடுக்கற கூத்து இந்த மலையிலேயே இதுதான் முதல் தரம். எனக்கு என்ன தெரியும்?”

தலந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. “அதுக்காக ரெண்டு நாளா தின்ன விட்டுட்டு...”

“எதைத் தின்ன விட்டேன்? வந்து பாரு.”

ஆடுகள் நின்ற இடம் நிலமே அல்ல. மேட்டின் உச்சியில் கலப்பை படாத பாறைத் திட்டு. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான். கயிற்றுக்குள் நீளத் தொட்டிகள், தொட்டியில் பார்லி. ஓரத்தில் காலியான சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. ஆறாம் நாள் சாயங்காலத்திலிருந்து தொண்ணூறு ஆடும் முக்தாதின் குளிர்காலப் பார்லியைத்தான் தின்றுகொண்டிருந்தன.

கயிற்றுக்கு வெளியே அவள் நிலம் கிடந்தது. ஒரு சாண் அரிதாள் நின்றது. நடுவில் எல்லா இடத்திலும் வைக்கோல் மெல்லிசாக, ஒரே சீராகப் பரவியிருந்தது. தலந்தா குனிந்து விரல்களை விட்டுப் பார்த்தாள், அடியில் மண் ஈரமாக இருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த மனுஷனையா ஒரு வாரமாக மனசுக்குள் திருடன் என்று வைதாள்? உப்பில்லாத கூஸ்கூஸை வேறு கொடுத்தாளே. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

“நூரி இந்த நிலத்தைப் பத்தி உங்ககிட்ட பேசினாரா?”

“பேசினான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மழை வரட்டும், அப்புறம் சொல்றேன்னேன்.” முக்தாத் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. நல்ல மேட்டு நிலம், எட்டு ஹெக்டேர், எந்தக் குடியானவனுக்குத்தான் ஆசை வராது? அவள் அதற்கு மேல் தோண்டவில்லை. ஆடுகள் வரிசையாக எல்லையைத் தாண்டிப் போவதைக் கடைசி ஆடு போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

வெள்ளிக்கிழமை திஜானி வந்தான். பதினோரு மணி வரை டீ குடித்தான், பிறகு தட்டுகளை இறக்கினான். வேலியோரம் இந்தத் தடவை முப்பது பேர். எந்திரம் இருபதடி போயிற்று, நூறடி போயிற்று, மறுகோடிக்குப் போய்த் திரும்பியது. ஒரு வைக்கோல் கூடச் சிக்கவில்லை. தடம் எங்கே என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. திஜானி இறங்கி வந்து விரலால் கீறினான். விதை இரண்டு விரற்கடை ஆழத்தில், ஈர மண்ணில் இருந்தது.

“இப்படி யாருக்கா பரப்பிக் கொடுத்தது? நானே காசு கொடுத்துக் கூட்டிட்டுப் போறேன்.”

தலந்தா கை காட்டினாள். முக்தாத் வேலிக்கு வெளியே, எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். மஹ்பூபா சும்மா இருப்பாளா?

“ஏன் முக்தாத், தம்பி பொண்டாட்டி போகச் சொல்லிட்டாளாமே?”

“ஆமா. அதுக்கு ரெண்டு நாள் தவம் கிடந்தேன்.”

எந்திரம் கடைசிச் சுற்றில் இருந்தபோது நூரியின் போன் வந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா. துறைமுகத்துச் சத்தத்துக்கு நடுவே கத்தினான். “என்ன, விதை விழுந்துச்சா இல்லையா? அண்ணன் பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட கொடு.”

தலந்தா வேலியருகே போய்ப் போனை நீட்டினாள். முக்தாதுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை, கையில் தூரப் பிடித்துக்கொண்டு கத்துவான். அதனால் வேலியோரம் முழுக்க நூரியின் குரல் கேட்டது.

“அண்ணே, இழுத்துக்கிட்டே இருக்காதே. நிலத்தை எடுத்துக்கறியா, இல்லையா?”

முக்தாத் நிலத்தைப் பார்த்தான். மேட்டிலிருந்து ஓடை வரைக்கும், அவசரமில்லாமல், ஆசையோடுதான் பார்த்தான்.

“எந்த நிலத்தைடா? இங்க சும்மா கிடக்கற நிலம் எதுவும் இல்ல. விதைச்சு முடிச்சுட்டா. நீ அங்கிருந்து கத்தறத விட்டுட்டு, என்ன வேணும்னு அவகிட்ட கேளு.”

போன் அவள் கைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் நூரி தொண்டையைச் செருமினான்.

“அப்ப... மேலுரம் எத்தனை மூட்டை அனுப்பணும்?”

நிலத்தைப் பற்றி அவன் அவளிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. திஜானியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், முக்தாதின் முகத்தைப் பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

“பதினாறு,” என்றாள்.